வெட்டுவது நாம், ஒட்டுவது மூளை



ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குவோம். உங்களுக்குப் பிடித்த சினிமாவிலிருந்து ஒரு நிமிடக் காட்சியை ஓட விடுங்கள். கேமரா பார்க்கும் இடம் சட்டென்று மாறி, திரையில் புதிய படம் வந்து விழும் ஒவ்வொரு தடவையும் மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் அந்தத் தட்டுகளை எண்ணட்டும். பிறகு அதே ஒரு நிமிடத்தைச் சத்தமில்லாமல், நிறுத்தி நிறுத்தி ஓட்டி மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் அநேகமாக அதிகமாக இருக்கும். முதல் தடவை உங்கள் கண் முன்னாலேயே நடந்த சில மாற்றங்கள் உங்களுக்குத் தெரியவே இல்லை!

உங்கள் கண்ணில் குறை ஒன்றும் இல்லை. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே போன்ற சோதனையைப் பெரியவர்களிடம் செய்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். படம் மாறும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லி உட்கார வைத்தும், அவர்கள் பல மாற்றங்களைத் தவறவிட்டார்கள்.

ஒரு படத்துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு ‘கட்’ என்று பெயர். ஒரு கட்டிலிருந்து அடுத்த கட் வரை இடைவிடாமல் ஓடும் துண்டு ‘ஷாட்’. ஷாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வேண்டாததைக் கழித்து, வரிசைப்படுத்தி, ஒலியோடு சேர்ப்பதுதான் எடிட்டிங். வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் இன்று யாரும் இதைச் செய்து பார்க்கலாம். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது ஒரே நாளில் பழகிவிடும். எங்கே வெட்டினால் சரியாக ஒட்டும் என்பதுதான் உண்மையான பாடம். அந்தப் பாடம் செல்போனில் இல்லை, நம் மூளையில் இருக்கிறது.

ஓடாத படம் எப்படி ஓடுகிறது?

வீடியோவில் எதுவும் நகர்வதில்லை. அது அசையாத படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். சினிமாவுக்கு ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு 25. செல்போன்கள் பெரும்பாலும் 30 எடுக்கின்றன. இரண்டரை மணி நேர சினிமா என்றால் 150 நிமிடம். 150-ஐ 60-ஆலும் 24-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 2,16,000 அசையாத படங்கள்!

இவ்வளவு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அசைவாகத் தெரிவது ஏன்? பார்த்த படம் விழித்திரையில் கொஞ்ச நேரம் தங்குவதால்தான் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது மட்டும் போதாது. படங்கள் விழித்திரையில் தங்கி ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் நமக்குக் குழப்பமான கலவைதானே தெரிய வேண்டும்? அசைவைக் கண்டுபிடிப்பதற்கென்றே நம் மூளையில் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு ஃபிரேமில் பந்து இங்கே இருக்கிறது, அடுத்ததில் ஒரு விரல்கடை தள்ளி இருக்கிறது என்றால், ‘பந்து நகர்ந்தது’ என்று அவை முடிவு செய்துவிடும். நடுவில் பந்து எங்கே இருந்தது என்று யாரும் காட்டவில்லை. மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியல் அறிஞர் 1912-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இதில் எடிட்டிங்குக்கான முதல் பாடம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே வித்தியாசம் சிறிதாக இருந்தால் மூளை அதை ‘அசைவு’ என்று எடுத்துக்கொள்கிறது. வித்தியாசம் நன்றாகப் பெரிதாக இருந்தால் ‘வேறு பார்வை’ என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் கெட்டானாக இருந்தால்தான் தடுமாறுகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கண்ணே ஓர் எடிட்டர்

இப்போது ஒரு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கண்ணாடியில் தெரியும் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மறுபடி இடது. உங்கள் விழி நகர்வது உங்களுக்குத் தெரிகிறதா? எத்தனை தடவை முயன்றாலும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் நண்பருக்கு மட்டும் உங்கள் விழி இங்கும் அங்கும் தாவுவது நன்றாகத் தெரியும்.

நம் கண் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஒரு நொடிக்குச் சுமார் மூன்று தடவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் விழி தாவித் தாவித்தான் போகிறது. தாவும் நேரத்தில் விழித்திரையில் விழும் படம் கலங்கித்தான் இருக்கும். அந்தக் கலங்கலை நாம் உணராதபடி மூளை அடக்கிவிடுகிறது. தாவலுக்கு முன் பார்த்ததையும் பின் பார்த்ததையும் இணைத்து, உலகம் இடைவிடாமல் தெரிவது போன்ற உணர்வை நமக்குத் தருகிறது.

ஆக, சினிமா என்று ஒன்று பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே துண்டு துண்டாகப் பார்த்து ஒட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. திரையில் கட் வரும்போது நாம் அலறி அடித்துக்கொண்டு ஓடாமல் நிம்மதியாகக் கதை பார்க்க முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நின்றுபோன கேமராவும் அசையாத முகமும்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள். பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குச் சலனப் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 50 நொடி. தொழிற்சாலை விட்டுத் தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் ஒரு படம். கேமரா ஓரிடத்தில் நின்று எதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் ஜார்ஜ் மெலியெஸ் என்ற மேஜிக் நிபுணரும் ஒருவர். அவரும் ஒரு கேமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார். பாரிஸ் தெருவில் ஒரு நாள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஃபிலிம் சிக்கிக் கேமரா நின்றுவிட்டதாம். சரிசெய்து மறுபடி ஓட்டினார். பிறகு திரையில் போட்டுப் பார்த்தால், சாலையில் போய்க்கொண்டிருந்த குதிரை வண்டிப் பேருந்து திடீரென்று சவ வண்டியாக மாறிவிட்டது! கேமரா நின்றிருந்த நேரத்தில் பேருந்து போய், அந்த இடத்துக்குச் சவ வண்டி வந்திருந்தது. இது மெலியெஸ் பின்னாளில் தாமே சொன்ன கதை. அந்த உத்தியை வைத்து ஆட்களை மறையவும் தோன்றவும் வைத்து அவர் ஏராளமான படங்கள் எடுத்தார். 1902-ல் வந்த நிலாப் பயணப் படம் அவற்றுள் புகழ்பெற்றது.

இதை நீங்களும் செய்யலாம். செல்போனை ஆடாமல் ஓரிடத்தில் பொருத்துங்கள். நண்பர் கைதட்டிவிட்டு அப்படியே நிற்கட்டும். கேமராவைத் தொடாமல், அவரை மட்டும் விலகிப் போகச் சொல்லுங்கள். எடிட் செய்யும்போது கைதட்டலுக்கும் வெற்று இடத்துக்கும் நடுவில் உள்ள பகுதியை வெட்டி எறியுங்கள். நண்பர் காற்றில் கரைந்துவிடுவார். ஒரு நிபந்தனை உண்டு: மின்விசிறியில் ஆடும் திரைச்சீலையோ நகரும் நிழலோ பின்னால் இருக்கக் கூடாது. அது ஒரு துளி குதித்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து ரஷ்யாவுக்குப் போவோம். லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், முதல் உலகப் போர் முடிந்ததை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம். அதில் சொல்லும்படியான உணர்ச்சி எதுவும் இல்லை. அந்த முகத்தை அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். பிறகு அதே முகத்தை அடுத்து ஒரு சவப்பெட்டி. பிறகு அதே முகத்தை அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள், ‘எவ்வளவு பசி அவர் கண்ணில்! எவ்வளவு துக்கம்! எவ்வளவு அன்பு!’ என்று நடிகரைப் பாராட்டியதாகச் சொல்வார்கள். முகம் என்னவோ ஒன்றுதான். பசியும் துக்கமும் அன்பும் பார்த்தவர்களின் மூளையில், இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் பிறந்தவை.

இந்தச் சோதனையையும் செய்து பாருங்கள். சிரிக்காமல், முறைக்காமல், சும்மா ஒரு பக்கம் பார்க்கும் நண்பரின் முகத்தை ஐந்து நொடி எடுங்கள். ஆவி பறக்கும் இட்லித் தட்டு, உடைந்துபோன பொம்மை, தூங்கும் பூனைக்குட்டி என்று மூன்று ஷாட்டுகள் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றோடும் அதே முகத்தைச் சேர்த்து மூன்று துண்டுகள் தயார் செய்யுங்கள். முகம் மட்டும் உள்ள நான்காவது துண்டும் வேண்டும். ஒருவருக்கு ஒரு துண்டு மட்டும் காட்டி, ‘இவர் மனசில் என்ன ஓடுது?’ என்று கேளுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஆளுக்குக் காட்டினால் உங்கள் தந்திரம் தெரிந்துபோகும். பதில்களை நோட்டில் எழுதி ஒப்பிடுங்கள். முகம் மட்டும் பார்த்தவர்கள் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால்தான் அது அறிவியல் சோதனை.

எல்லாருக்கும் இந்த ஒட்டும் திறமை ஒரே மாதிரி இருக்குமா? ஸ்டீஃபன் ஷ்வான், செர்மின் இல்டிரார் என்ற ஆய்வாளர்கள், துருக்கியின் மலைக் கிராமங்களில் அதுவரை சினிமாவோ டிவியோ பார்த்தே இராத பெரியவர்களைத் தேடிப்போய்க் குட்டிக் குட்டிப் படங்களைக் காட்டினார்கள். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் சில கட்டுகள் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் அவர்கள் அறிந்த ஒரு வேலை ஷாட்டுக்கு ஷாட் தொடர்ந்து நடக்கும் படங்களை எளிதாகப் புரிந்துகொண்டார்கள். 2010-ல் வெளியான இந்த ஆய்வு புதிதாக எடிட்டிங் பழகுகிறவருக்கு நல்ல வழிகாட்டி. முதல் படத்துக்குப் பேய்க் கதை வேண்டாம். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் கடைக்குப் போவோம்

சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதை ஒரு நிமிடப் படமாக எடுக்கலாமா? முதலில் கடைக்காரரிடம், “அண்ணே, நீங்க வேலை செய்யறத வீடியோ எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் எடுங்கள். செல்போனைப் படுக்கைவாட்டில், ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டிய ஷாட்டுகள் இவை:

1. கடை முழுவதும் தெரியும் தூர ஷாட்.
2. டயரிலிருந்து ட்யூபை உருவுவது.
3. ட்யூபுக்குக் காற்றடிப்பது.
4. ட்யூபைத் தண்ணீரில் முக்குவது, தூரத்திலிருந்து.
5. அதே வேலை, மிக அருகிலிருந்து. குமிழி வரும் இடம் தெரிய வேண்டும்.
6. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்ப்பது.
7. சொல்யூஷன் தடவுவது.
8. பேட்ச் ஒட்டி அழுத்துவது.
9. வேலையில் மூழ்கியிருக்கும் அண்ணனின் முகம்.
10. சைக்கிள் கிளம்பிப் போவது.

ஒவ்வொரு ஷாட்டையும் வேலை தொடங்குவதற்குச் சில நொடி முன்பே ஓட விடுங்கள். முடிந்த பிறகும் சில நொடி விடுங்கள். வெட்டுவதற்கு இடம் வேண்டுமல்லவா? கடைசியாக, யாரும் பேசாதபோது கடையின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எங்கே வெட்டுவது?

நான்காவது ஷாட்டையும் ஐந்தாவது ஷாட்டையும் ஒட்டுவோம். அண்ணன் கை ட்யூபோடு கீழே இறங்குகிறது. கை தண்ணீரைத் தொட்டு நின்ற பிறகு வெட்டினால், கட் பளிச்சென்று தெரியும். கை பாதி வழியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வெட்டுங்கள். அருகில் எடுத்த ஷாட்டை, மீதிப் பாதி இறக்கத்திலிருந்து தொடங்குங்கள். பார்க்கிறவரின் கவனம் கையின் ஓட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். அடுத்த ஃபிரேமிலும் அந்த ஓட்டம் தொடர்வதால் கட் நடந்ததே தெரியாது. தொடக்கத்தில் நாம் எண்ணத் தவறிய கட்டுகளில் பல இப்படிப்பட்டவைதான்.

ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் என்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். செல்போன் வீடியோவில் இரண்டு ஃபிரேம் என்றால் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன மாற்றத்திலேயே கை தயங்குவது போலவோ வெடுக்கென்று பாய்வது போலவோ தோன்றும். சரியான இடம் வந்ததும் ட்யூப் தண்ணீருக்குள் போகும், ஓட்டையிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வரும், உங்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

அடுத்தது தேய்க்கும் ஷாட். அது அரை நிமிடம் நீளம். நமக்கு நான்கு நொடி போதும். நடுவில் உள்ளதை வெட்டிவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டினால் அண்ணனின் தலை வெடுக்கென்று ஒரு குதி குதிக்கும். ஏன்? இரண்டு ஃபிரேம்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் மூளை அதை அசைவு என்று படிக்கப் பார்க்கிறது. ஆனால் அப்படி ஓர் அசைவு உலகில் இல்லை. முன்னே சொன்ன இரண்டும் கெட்டான் நிலை இதுதான். இதற்கு ‘ஜம்ப் கட்’ என்று பெயர். தீர்வு என்ன? நடுவில் அவர் முகத்தைக் காட்டும் ஒன்பதாவது ஷாட்டை வையுங்கள். அல்லது கேமராவின் இடத்தை நன்றாக மாற்றி எடுத்த ஷாட்டைப் பயன்படுத்துங்கள். எடுக்கும் ஆளைச் சுற்றி ஏறத்தாழ 30 பாகையாவது கேமராவை நகர்த்து என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. வித்தியாசம் பெரிதானதும் மூளை ‘வேறு பார்வை’ என்று ஏற்றுக்கொண்டுவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கேரம் ஆடுகிறார்கள். இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா கோட்டுக்கு ஒரு பக்கத்திலேயே இருந்தால், ஒருவர் எப்போதும் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒருவரை எடுத்து ஒட்டினால், இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். கடைசி ஷாட்டில் சைக்கிள் போவதை இரண்டு இடங்களிலிருந்து எடுத்தாலும் இதே விதிதான். கோட்டைத் தாண்டிவிட்டால், போன சைக்கிள் திரும்பி வருவது போல இருக்கும்.

காதையும் ஒட்டவேண்டும்

படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டியதில்லை. பம்பு அடிக்கும் ‘புஸ்... புஸ்...’ சத்தத்தை, ட்யூபை உருவும் ஷாட்டின் கடைசி அரை நொடியிலேயே கேட்க விடுங்கள். ‘என்ன சத்தம்?’ என்று மனம் கேட்கும்போது படம் வந்து பதில் சொல்லும். அதேபோல, படம் மாறிய பிறகும் முந்தைய ஷாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் நீட்டலாம். ஒலி பாலம் போடுவதால் கட் உறுத்தாது.

கடைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தோமே, அது இங்கே உதவும். ஒரு ஷாட்டில் தூரத்தில் பேருந்து ஹார்ன், அடுத்ததில் நிசப்தம், அதற்கடுத்ததில் காற்று என்று மாறி மாறி வந்தால் கண்ணை ஏமாற்றிய கட்டைக் காது கண்டுபிடித்துவிடும். எல்லா ஷாட்டுகளுக்கும் அடியில் அந்தச் சத்தத்தை மெல்லியதாக ஓட விட்டால், பத்துத் துண்டுகளும் ஒரே கடையில் நடக்கின்றன என்று காது நம்பும்.

ஃபிலிமிலிருந்து டைம்லைனுக்கு

முன்பு இந்த வேலையெல்லாம் உண்மையான ஃபிலிமில் நடந்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 ஃபிரேம். ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி ஃபிலிம். எடிட்டர் ஃபிலிமைக் கையில் பிடித்து, குறி போட்டு, வெட்டி, டேப்பால் ஒட்டுவார். 1924-ல் ஐவன் செரூரியர் என்ற பொறியாளர் உருவாக்கிய மூவியோலா என்ற கருவியில் ஃபிலிமை ஓட்டிப் பார்ப்பார்கள். கோடம்பாக்கத்தின் எடிட்டிங் அறைகளிலும் மூவியோலா சத்தம் பல்லாண்டு கேட்டது. தமிழ்ப் படங்களுக்குப் புகழ் சேர்த்த பி. லெனின் போன்ற எடிட்டர்கள் ஃபிலிமைத் தொட்டு வேலை பழகியவர்கள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்காக எடிட்டிங்குக்கான தேசிய விருது பெற்ற ஏ. ஸ்ரீகர் பிரசாத், ஃபிலிம் காலத்தையும் கணினிக் காலத்தையும் கண்டவர். அடுத்த தடவை சினிமா பார்க்கும்போது ‘படத்தொகுப்பு’ என்று வரும் பெயரைக் கவனியுங்கள்.

இப்போது ஃபிலிமுக்குப் பதில் டைம்லைன். இடமிருந்து வலமாக ஓடும் ஒரு நீளப் பட்டை. மேலே படங்கள், கீழே ஒலிகள். கணினியில் கெடன்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களின் துணையோடு நிறுவிக்கொள்ளலாம். அதில் நீங்கள் வெட்டும்போது நீங்கள் எடுத்த வீடியோவுக்கு ஒன்றும் ஆவதில்லை. ‘இரண்டாவது கிளிப்பில் 75-ஆவது ஃபிரேமிலிருந்து 160-ஆவது ஃபிரேம் வரை காட்டு, பிறகு நான்காவது கிளிப்புக்குப் போ’ என்று ஒரு பட்டியலை மட்டும் மென்பொருள் எழுதிக்கொள்கிறது. அது சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பில் எத்தனை தடவை அடித்துத் திருத்தி எழுதினாலும் அரிசி பருப்பு அப்படியே இருக்கும். எல்லாம் முடிந்து ‘எக்ஸ்போர்ட்’ என்று அழுத்தும்போதுதான் சமையல் நடக்கிறது. அதனால் எடுத்த கிளிப்புகளை நடுவில் அழித்துவிடாதீர்கள். குறிப்பு மட்டும் மிஞ்சும், சமைக்கப் பொருள் இருக்காது.

எக்ஸ்போர்ட் ஏன் நேரம் எடுக்கிறது தெரியுமா? சாதாரண எச்.டி. வீடியோவின் ஒரு ஃபிரேமில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒரு எண்ணுக்கு ஒரு பைட் வீதம் நொடிக்கு 30 ஃபிரேம்களை அப்படியே சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு 11 ஜிபி தாண்டிவிடும்! ஆனால் செல்போன் அதைச் சில நூறு எம்பிக்குள், பெரும்பாலும் அதற்கும் குறைவாக அடக்கிவிடுகிறது. எப்படி? அவ்வப்போது ஒரு ஃபிரேமை மட்டும் முழுப் படமாக வைத்துக்கொள்ளும். மற்ற ஃபிரேம்களுக்கு ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்று மட்டும் குறித்துக்கொள்ளும். கடைச் சுவர் மாறவில்லை. அண்ணனின் கை மட்டும் மாறியது. நீங்கள் நடுவில் வெட்டியதும் அந்தக் கணக்குகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் உருவாக்கி, மறுபடி புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ட்யூப் லைட் ஏன் துடிக்கிறது?

வீட்டுக்குள் எடுத்த வீடியோவில் வெளிச்சம் துடிப்பதையோ கோடுகள் ஊர்வதையோ பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சில விளக்குகள் இரண்டு தடவை பிரகாசமாகி மங்கும். ஆக நொடிக்கு 100 துடிப்பு. நம் கண்ணுக்கு அது தெரியாது. 30 ஃபிரேம் எடுக்கும் கேமரா, ஒரு ஃபிரேமில் பிரகாசத்தையும் மற்றொன்றில் மங்கலையும் பிடித்துவிடும். கேமராவில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று வைக்க முடிந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் முழுத் துடிப்புகளே விழும். வெளிச்சம் சீராகிவிடும். இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

எதை வெட்டக் கூடாது?

நம் பஞ்சர் படத்தில் ஒரு முக்கியமான முடிவு பாக்கி இருக்கிறது. சொல்யூஷன் தடவியதும் அண்ணன் உடனே பேட்சை ஒட்டமாட்டார். சில நிமிடம் காய விடுவார். ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வந்த பிறகுதான் ஒட்டுவார். படத்தில் அந்தச் சில நிமிடத்தை யார் பார்ப்பார்கள்? வெட்டத்தான் வேண்டும். ஏழாவது ஷாட்டையும் எட்டாவது ஷாட்டையும் நேராக ஒட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்கிறவர் மூளை என்ன செய்யும்? ‘தடவினார், உடனே ஒட்டினார்’ என்று சேர்த்துக்கொள்ளும். அதை நம்பி ஒரு சிறுவன் வீட்டில் ஒட்டிப் பார்த்தால் பேட்ச் நிற்காது. நம் படத்தில் ஒவ்வொரு ஷாட்டும் உண்மை. ஆனாலும் படம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது.

சரிசெய்வது எளிது. நடுவில் அண்ணன் டீ குடிக்கும் ஷாட்டை வைக்கலாம். ‘சில நிமிடம் காய வேண்டும்’ என்று எழுத்தில் போடலாம். இரண்டு நொடி செலவில் உண்மை திரும்பிவிடும்.

இது பஞ்சர் கடையோடு நிற்கும் விஷயம் இல்லை. ஒருவர் பேசியதில் நடுவரியை எடுத்துவிட்டால் அவர் சொன்னதற்கு நேர்மாறான பொருள் வந்துவிடும். வேறெங்கோ சிரித்த கூட்டத்தை ஒருவர் பேச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினால் அவரைப் பார்த்து ஊரே சிரித்தது போலாகிவிடும். குலெஷோவின் சோதனை நல்லதுக்கும் பயன்படும், கெட்டதுக்கும் பயன்படும். அதனால், செல்போனில் யாரையாவது பற்றிக் கோபம் வரவைக்கும் ஒரு வீடியோ வந்தால், எங்கே கட் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். இந்த இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். எடிட்டிங் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். எடிட்டிங்கை எல்லாப் பிள்ளைகளும் பழக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதற்காகத்தான்.

உங்கள் ஒரு நிமிடப் படம் முடிந்ததும், நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன், பஞ்சர் கடை அண்ணனுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். எங்கே கட் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டாம். பார்த்து முடித்ததும், “ஆமா, நான் இப்படித்தான் செய்வேன்” என்று அவர் சொன்னால், உங்கள் எடிட்டிங் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நெற்றியைச் சுருக்கினால் எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டு, டைம்லைனுக்குத் திரும்பிப் போங்கள்.